ஜாக், ஜில் காத்தாலைகள்: மில்லு வீடாயிட்டா அது இன்னும் மில்லுதானா?

#1 மலையடிவாரம்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்ல, தென் இங்கிலாந்துல நான் இருக்குற பக்கம், பிரைட்டன்லேருந்து ட்ரெயின் புடிச்சு ஹாசக்ஸ்ல இறங்கி கிளேட்டன் மேட்டுக்கு நடந்தே ஏறிட்டேன். அங்க சவுத் டவுன்ஸ் சுண்ணாம்பு மலை மேல ரெண்டு பழைய காத்தாலை பக்கத்துல பக்கத்துல நிக்குது. கருப்பா நிக்கிறது ஜாக், வெள்ளையா நிக்கிறது ஜில். நாலு வருஷமா ட்ரெயின்ல போகும்போதெல்லாம் பார்த்திருக்கேன், அன்னிக்குத்தான் கிட்ட போனேன். அன்னிலேருந்து மண்டைக்குள்ள இதே ஓடிட்டு இருக்கு, யார்கிட்டயாவது சொன்னாத்தான் அடங்கும்.

கதை என்னன்னா, ஜில் அந்த மலையில பிறந்தவளே இல்ல. 1821ல பிரைட்டன்ல டைக் ரோட்டுல கட்டினாங்க, முழுக்க மரம். 1852ல குதிரையும் மாடும் பூட்டி அந்த மில்லை அப்படியே இழுத்துட்டு வந்து இந்த மேட்டுல நிறுத்தியிருக்காங்க. அப்ப அங்க ஏற்கனவே டன்க்டன்னு ஒரு மில் ஓடிட்டு இருந்துச்சு, அது 1765ல கட்டினது. 1866ல அதுக்குப் பதிலா செங்கல்ல அஞ்சு மாடிக்கு ஒரு கோபுரம் எழுப்பினாங்க, அதுதான் ஜாக். டன்க்டனோட அடிப்பாகம், வட்டமா ஒரு கட்டடம், அது மட்டும் இன்னும் ஜாக் பக்கத்துல மிச்சம் இருக்கு.

ரெண்டும் கிட்டத்தட்ட 1906 வரைக்கும் மாவரைச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் வழி பிரிஞ்சுது. ஜாக்குல ஆளுங்க குடி வந்துட்டாங்க, வீடாயிடுச்சு, இன்னிக்கும் தனியார் வீடுதான். ஜில் சும்மா நின்னு நொந்து நூலாகி, 1978ல தன்னார்வலர்கள் சேர்ந்து வேலையை ஆரம்பிச்சு, 1986ல மறுபடி மாவு அரைக்க வச்சுட்டாங்க. ஒரே மலை, ஒரே தொழில், அக்கா தம்பி மாதிரி ரெண்டு மில்லு, ஒண்ணு வீடு, ஒண்ணு ஆலை. எது நல்லா பிழைச்சதுன்னு நினைக்கிறீங்க? எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல, அதான் கேக்குறேன்.

#2 சுபா_எஸ்

அக்கா அருமையா சொல்லியிருக்கீங்க. எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம், நல்லா ஓடிட்டு இருந்த மில்லை ஏன் நிறுத்தினாங்க? காத்து ஓசிதானே, கரண்டு பில்லா டீசலா?

#3 மலையடிவாரம்

சுபா, நானும் அதையேதான் முதல்ல யோசிச்சேன். காத்து ஓசிதான், ஆனா அது வர்றப்பத்தான் வரும். 1870, 80கள்ல எஃகு ரோலர் மில்லு வந்துருச்சு, கல்லுக்குப் பதிலா உருளை, நிறுத்தாம ஓடும், தவிடெல்லாம் பிரிச்சு வெள்ளை வெளேர்னு மாவு குடுக்கும். ஜனங்களுக்கு வெள்ளை ரொட்டி மேல மோகம். அதோட அமெரிக்கா கனடாலேருந்து கப்பல் கப்பலா கோதுமை வந்து இறங்குது, பெரிய ஆலையெல்லாம் துறைமுகத்துலயே கட்டிட்டாங்க. மலை மேல இருக்குற மில்லுக்கு யார் மூட்டையைத் தூக்கிட்டு வருவா? கடைசிக் காலத்துல நிறைய காத்தாலைங்க மாட்டுத் தீவனம் அரைச்சுதான் காலத்தை ஓட்டியிருக்கு. ஒரு இறக்கை உடைஞ்சா மாத்துற செலவுக்குக் கூட வருமானம் பத்தாது, உடைஞ்ச அன்னிக்கே மில்லுக்காரர் பூட்டிட்டுப் போயிடுவாரு. ஊர் ஊருக்கு இதே கதைதான்.

#4 நாஞ்சில்காரன்

நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. வீடா மாத்துறப்ப முதல்ல என்ன பண்ணுவாங்க? உள்ள இருக்குற பெரிய பல்சக்கரம், நடுத்தண்டு, திருகைக்கல்லு எல்லாத்தையும் கழட்டி வெளிய போடுவாங்க, இடம் வேணும்ல. அப்புறம் மிச்சம் என்ன? வெளிய இருக்குற ஓடு. அதுக்கு மில்லுன்னு பேரு வச்சுக்கிட்டா ஆச்சா? காத்தாலைங்கறது கட்டடமே இல்ல, அது ஒரு மிஷின். இறக்கை காத்தைப் புடிக்கணும், அது தண்டைச் சுத்தணும், தண்டு கல்லைச் சுத்தணும், கல்லுக்கு நடுவுல தானியம் விழணும், கீழ மாவா வரணும். இந்தச் சங்கிலி அறுந்துட்டா அதோட சரி. உரல் இருக்கு, உலக்கைய வித்துட்டோம்னா அதுல எவன் நெல்லு குத்துவான்?

எங்க அப்பா மாவு மில் வச்சிருந்தவரு. மில்லை வித்தப்புறம் அந்த இடத்துல வேற கடை வந்துச்சு, சுவரு அதே சுவருதான், ஆனா அப்பா அந்தப் பக்கமே போகமாட்டாரு. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

#5 கட்டடப்பித்தன்

நாஞ்சில் அண்ணே, அப்பா விஷயம் மனசைத் தொட்டுச்சு. ஆனா கட்டடத்துக்காரனா ஒண்ணு சொல்லணும். பழைய கட்டடத்தைக் கொல்றது தண்ணிதான். கூரையில ஒரு பலகை பேந்தா அதே வாரம் ஏணி போட்டு ஏறி அடைக்கிறவன் யாரு? தலையில ஒழுகுதேன்னு கத்துற வீட்டுக்காரன்தான். ஆள் இல்லாத மில்லுல அதே ஓட்டை பத்து வருஷம் கிடக்கும், மழை உள்ள இறங்கி உத்தரம் உளுத்து, தளம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கடைசியில கல்லும் போச்சு சக்கரமும் போச்சு சுவரும் போச்சு. வீடாக்கினா மிஷின் போகும், சும்மா விட்டா எல்லாமே போகும், நிறைய இடத்துல தேர்வே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

இன்னொண்ணு, ஜாக் வீடானதும் ஜில் வீடாகாததும் சும்மா நடந்ததில்ல. ஜில் மாதிரி மில்லுல முழு உடம்பும் நடுவுல ஒரு பெரிய மரக்கம்பத்து மேல உக்காந்திருக்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் முழு மில்லும் திரும்பும். பொட்டி மாதிரி, உள்ள நிக்கவே இடம் கம்மி, கம்பம் வேற நட்டநடுவுல. அதுல எங்க போய் சமையக்கட்டு வைக்கிறது? ஜாக் மாதிரி கோபுர மில்லுல சுவர் அசையாது, மேல இருக்குற தொப்பி மட்டும்தான் இறக்கையோட திரும்பும். அதனால கீழ அஞ்சு மாடியும் அஞ்சு வட்ட ரூமு, கட்டில் போட்டா வீடு. இங்கிலாந்துல வீடானதுல பெரும்பாலும் கோபுர மில்லாத்தான் இருக்கும். நார்ஃபோக்ல கிளே மில்லும் அப்படித்தான், 1921லயே வீடா மாத்தி, 1983லேருந்து தங்குற விடுதியா ஓடுது.

#6 ரொட்டர்டாம்_ரவி

வணக்கம், நான் நெதர்லாந்தில இருக்கிறன். நீங்கள் எல்லாரும் வீடா ஆலையா எண்டு ரெண்டாப் பிரிச்சுக் கதைக்கிறியள், எங்கட பக்கத்தில அது ரெண்டும் ஒண்டுதான். ரொட்டர்டாமுக்குக் கிட்ட கின்டர்டைக் எண்டு ஒரு இடம், அங்க 19 காத்தாலை வரிசையா நிக்குது, 1997ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தவை. அதில எட்டு 1738ல செங்கல்லால கட்டினது, இன்னொரு எட்டு 1740ல, எட்டு மூலை, நாணல் வேய்ஞ்சது. அது மா அரைக்கிற மில் இல்ல, தண்ணி இறைக்கிறது. நிலம் கடல் மட்டத்துக்குக் கீழ, வாய்க்கால்ல நிக்கிற தண்ணியைச் சக்கரத்தால அள்ளி மேல இருக்கிற தேக்கத்துக்கு ஏத்தி, அங்க இருந்து ஆத்துக்கு விடுவினம்.

அதில விசயம் என்னெண்டால் கட்டேக்கையே அது வீடாவும்தான் கட்டினது. மழை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் ஆள் எழும்பி இறக்கையைத் திருப்ப வேணும், இல்லாட்டி ஊர் தாழ்ந்துபோம், அதால மில்காரர் குடும்பத்தோட உள்ளுக்கேயே இருந்தவை. 19ம் நூற்றாண்டில நீராவிப் பம்ப் வந்திட்டுது, பிறகு டீசல், கரண்ட். ஆனால் ரெண்டாம் உலக யுத்த நேரம் எரிபொருள் இல்லாமப் போக, திரும்ப இந்த மில்லுகள்தான் தண்ணி இறைச்சது. உள்ள இருந்த சக்கரத்தை அதுக்கு முதலே கழட்டி எறிஞ்சிருந்தால் என்ன ஆயிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இண்டைக்கும் அதில கனக்க மில்லுகள்ல ஆக்கள் குடியிருக்கினம். பயிற்சி எடுத்து மில் ஓட்டத் தெரிஞ்ச ஆக்கள்தான். நான் சைக்கிள்ல போகேக்க பாத்திருக்கிறன், ஒரு பக்கம் இறக்கை சுத்துது, மற்றப் பக்கம் கொடியில பிள்ளையளின்ர உடுப்புக் காயுது.

#7 சுபா_எஸ்

ரவி அண்ணா, படிக்கும்போதே பயமா இருக்கு, இறக்கை சுத்துற இடத்துல குழந்தைங்க எப்படி வளரும்?

#8 ரொட்டர்டாம்_ரவி

சுபா தங்கச்சி, அது நியாயமான பயம்தான். கின்டர்டைக் மில்லுகளின்ர இறக்கை நிலத்தைத் தொடுற மாதிரி வரும், ஒரு முழம் ரெண்டு முழம்தான் இடைவெளி. சத்தம் பெரிசா இல்ல, அதுதான் ஆபத்து, ஒரு விசுக்கு விசுக்கெண்ட காத்துச் சத்தம், அவ்வளவுதான். அதுக்காகவே இந்த மாதிரி மில்லுகளுக்கு எதிரும் புதிருமா ரெண்டு கதவு வச்சிருக்கினம், இறக்கை எந்தக் கதவுக்கு முன்னால நிக்குதோ அதைப் பூட்டிப்போட்டு மற்றக் கதவால போய்வாறது. உள்ள ஒரு மியூசியம் மில்லுக்குப் போனனான், கட்டில் எண்டு தனியா இல்ல, சுவருக்குள்ள அலமாரி மாதிரி ஒரு பெட்டி, அதுக்குள்ள புருசன் பெஞ்சாதி படுக்கிறது, கட்டையான பெட்டி, காலை நீட்ட ஏலாது, பாதி இருந்தபடிதான் நித்திரை. அந்தப் பெட்டிக்கு அங்கால அரை அடியில மிசின் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொண்டு சொல்ல வேணும். இறக்கையை எந்த நிலையில நிப்பாட்டினம் எண்டதே அவைக்கு ஒரு பாசை. இறக்கை உச்சிக்கு வாறதுக்குக் கொஞ்சம் முன்னால நிண்டால் சந்தோசச் சேதி, பிள்ளை பிறந்தது, கலியாணம் மாதிரி. உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நிண்டால் செத்தவீடு. 2014ல அந்த மலேசியன் பிளேனைச் சுட்டு விழுத்தினாங்களே, எம்எச்17, செத்த ஆக்கள்ல கனக்கப் பேர் இந்த நாட்டுக்காரர், ஜூலை 23 நாடு முழுக்கத் துக்க நாள், அண்டைக்குக் கனக்க மில்லுகள் அப்பிடித் துக்கத்தில நிண்டது. இறக்கை அசையக்கூடிய மில் எண்டபடியால்தானே அது ஏலும்.

#9 நாஞ்சில்காரன்

ரவி சொன்னதைப் படிச்சதும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. நான் சொன்னதும் இதுதான், ஓடுற வரைக்கும்தான் அது பேசும்.

#10 வேணிம்மா

நான் எப்பவும் படிச்சுட்டுப் போற ஆளு, இதுல எழுதாம இருக்க முடியல. ரெண்டு வருஷம் முன்னாடி நார்ஃபோக் பக்கம் ஒரு மில்லு வீட்டுல மூணு நாள் தங்கினோம், பேரு வேண்டாம். போட்டோவுல பார்த்து ஆசைப்பட்டு புக் பண்ணது. முதல் நாள் சாயங்காலம் உச்சி மாடி ஜன்னல்ல நின்னா வயல் முழுக்க பொன்னா தெரியுது, அதை இன்னிக்கும் மறக்கமாட்டேன். ஆனா குடித்தனம் பண்ற கஷ்டம் இருக்கே! ரூமெல்லாம் வட்டம், நம்ம பீரோ கட்டில் எல்லாம் நேர்கோடு, எதை எங்க வச்சாலும் பின்னாடி முக்கோணமா ஒரு சந்து, குழந்தையோட பந்து அதுக்குள்ள போச்சுன்னா கட்டிலையே இழுக்கணும். சமையல் கீழ, ஹால் அதுக்கு மேல, பெட்ரூம் அதுக்கும் மேல, பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு, அது கீழ. படி ஏணி மாதிரி செங்குத்து. எங்க மாமியாருக்கு முட்டி வலி, மூணு நாளும் கீழ சோபாவுலயே படுத்துக்கிட்டாங்க, ராத்திரி நான் ரெண்டு தடவை இறங்கி இறங்கிப் பார்த்துட்டு வருவேன்.

ரெண்டாம் நாள் ராத்திரி நல்ல மழை காத்து. காலையில பார்த்தா ஒரு பக்கச் சுவர்ல மட்டும், ஜன்னலுக்கு மேல, தோசைக்கல்லு அளவுக்கு ஈரம். கை வச்சா சில்லுன்னு, பெயின்ட் விரல்லயே ஒட்டிட்டு வருது. எதிர்ப் பக்கச் சுவரு எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு. அது ஏன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.

#11 கட்டடப்பித்தன்

வேணிம்மா, நீங்க பார்த்தது கோபுர மில்லோட நிரந்தர வியாதி. அந்தச் சுவர் நேரா நிக்காது, கீழ அகலம் மேல குறுகல், அதாவது மழையைப் பார்த்து மல்லாந்து சாய்ஞ்சிருக்கு. நம்ம வீட்டுச் சுவர்ல மழை பட்டா வழிஞ்சு போகும், அதோட கூரை கொஞ்சம் வெளிய நீட்டிக் காப்பாத்தும். மில்லுக்கு அந்தத் தாழ்வாரமே இல்ல, ஒவ்வொரு துளியும் செங்கல் மேல உக்காந்து உள்ள இறங்கும். இங்கிலாந்துல மழைக்காத்து அதிகம் தென்மேக்குலேருந்து அடிக்கும், அதனால ஒரே பக்கம் நனையும். அந்தக் காலத்துல மில்லுக்காரங்க வெளிச்சுவருக்குத் தார் பூசுவாங்க, நிறைய மில்லு கருப்பா இருக்க காரணமே அதுதான்.

வீடா மாத்துறவங்க பண்ற பெரிய தப்பு, உள்பக்கம் சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சு பளபளன்னு ஆக்கிடறது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை, அது மூச்சு விடும், நனையும் காயும். சிமென்ட் போட்டு வாயை அடைச்சா உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல, உத்தரத்தோட நுனி சுவருக்குள்ள சொருகியிருக்கு பாருங்க, அது அங்கயே ஊறி உளுக்கும். நீங்க தொட்ட ஈரம் கண்ணுக்குத் தெரிஞ்சது, தெரியாத ஈரம்தான் என்னை பயமுறுத்துது. என் வேலையில ஒரு பழைய வீட்டுல இதே தப்பை நானே பண்ணி, அடுத்த மழையில மறுபடி எல்லாத்தையும் கொத்தி எடுத்தேன், அந்தப் பாடத்துல சொல்றேன்.

#12 நாஞ்சில்காரன்

இப்ப ஜாக்குக்கு வருவோம். கொஞ்சம் தேடிப் படிச்சேன். 1953ல அந்த ரெண்டு மில்லையும் வாங்கினவரு ஹென்றி லாங்ஹர்ஸ்ட், பிபிசில கோல்ஃப் வர்ணனை பண்ணவரு, சண்டே டைம்ஸ்ல பல வருஷம் பத்தி எழுதினவரு. 1978ல சாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாரு. ஆனா 1963ல அந்த இடத்துலயே புதுசா ஒரு வீடு கட்டிக்கிட்டாரு! பத்து வருஷம் மில்லுல வாழ்ந்து பார்த்தவரே பக்கத்துல வீடு கட்டினாருன்னா வேணிம்மா சொன்ன படியும் சந்தும்தான் ஞாபகம் வருது.

ஜாக், ஜில் இருக்குற அதே சசெக்ஸ் பகுதியில ஷிப்லின்னு ஒரு ஊரு. எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் 1906ல அங்க வீடு வாங்கினப்ப ஒரு மில்லும் சேர்ந்தே வந்துச்சு. அவரு வீட்டுல குடியிருந்தாரு, மில்லை மில்லாவே விட்டாரு. அது 1926 வரைக்கும் ஓடிச்சு. 1953ல அவரு போனப்புறம் அவரு நினைவா அதைச் சரி பண்ணினாங்க. குடியிருக்கணுமா, பக்கத்துல இருங்க. மில்லுக்குள்ள கையை வைக்காதீங்க. என் கட்சி அவ்வளவுதான்.

#13 மலையடிவாரம்

நாஞ்சில் அண்ணா, நல்ல எடுத்துக்காட்டு. ஆனா பெல்லாக்குக்கு மில்லுக்குப் பக்கத்துல வீடு இருந்துச்சு, வசதியும் இருந்துச்சு. 1908 வாக்குல ஜாக்குல முதல்ல குடிவந்தவங்கள்ல ஒருத்தர் எட்வர்ட் மார்ட்டின்னு ஒரு நிலவியல் ஆர்வலர், பாறை, மண்ணு, தொல்பொருள்னு திரிஞ்சவரு. அப்ப மில்லைக் காப்பாத்தணும்னு பணம் போட ஒரு அமைப்பும் இல்ல, பழைய கட்டடத்தைப் பாதுகாக்குற பட்டியலே 1947 சட்டத்துக்கு அப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சு. அந்த நாப்பது வருஷம் தாக்குப்பிடிக்க ஒரு மனுஷன் உள்ள விளக்கு ஏத்தி இருந்தது பெரிய விஷயம்தான்னு எனக்குப் படுது.

ஆனா ஜில்லுக்குள்ள போனதைச் சொல்லியாகணும், ஏன்னா அங்கதான் நான் தடுமாறிட்டேன். அன்னிக்கு நல்ல காத்து, ஓட்டிட்டு இருந்தாங்க. ஏணிப்படி ஏறி உள்ள கால் வச்சதும் தரை ஆடுது, படகுல ஏறின மாதிரி, முழு மில்லும் ஒத்தைக் கம்பத்து மேல மெதுவா அசையுது. பலகை வழியா கல்லு சுத்துற அதிர்வு பாதத்துல ஏறி பல்லு வரைக்கும் வருது. ஒரு பெரியவரு, எழுபது வயசு இருக்கும், புருவத்துல எல்லாம் மாவு, மரக்குழாய்ல இறங்குற மாவைக் கையில வாங்கி கட்டைவிரலால ரெண்டு தேய்ப்பு தேய்ச்சாரு, தலையை ஆட்டிட்டு ஒரு கயித்தை அரை சுத்து முறுக்கினாரு. கல்லுக்கு நடுவுல இடைவெளி மாறுச்சு போல, சத்தமே வேற சுருதிக்குப் போயிடுச்சு. எங்க பாட்டி இட்லிக்கு உளுந்து ஆட்டும்போது இதே மாதிரிதான் ரெண்டு விரலால தொட்டுப் பார்ப்பாங்க. கல்லு தேய்ஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், தூக்கிப் புரட்டிப் போட்டு உளியால வரி வரியா கொத்துவோம்னாரு. அம்மி கொத்தறதேதான்!

ஜாக்குலயும் இப்படி ஒரு சத்தம் நாப்பது வருஷம் இருந்திருக்கும்ல. வெளிய வந்து ஜாக்கைப் பார்த்தா திரை போட்ட ஜன்னல். நல்லா இருக்கட்டும் அந்த வீட்டுக்காரங்க, அவங்களாலதான் அது நிக்குது. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைச்சுது, உண்மையைச் சொல்றேன்.

அப்புறம் கட்டடப்பித்தன் சொன்ன மாதிரி கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் வேணும்ங்கறதுக்கு ஜில்லே சாட்சி. 1987 அக்டோபர், தென் இங்கிலாந்தையே புரட்டிப் போட்ட அந்தப் புயல் ராத்திரி, பிரேக் போட்டிருந்தும் காத்து இறக்கையைச் சுத்த வச்சிருச்சு. மரப் பிரேக்கும் மரச்சக்கரமும் உரசி உரசி சூடேறி தீப்புடிச்சிருச்சு. மில்லு சரியாகி ஒரே வருஷம்தான் ஆச்சு. அந்தப் புயல்ல, ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்குற நேரத்துல, ஜில்லைப் பார்த்துக்குற தன்னார்வலர் சங்கத்து ஆளுங்க சிலர் எப்படியோ மலை ஏறிப் போய் அணைச்சிருக்காங்க. அவங்க அன்னிக்குப் போகலேன்னா நான் பார்க்க ஜில்லே இல்ல.

#14 கட்டடப்பித்தன்

அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள்தான் விஷயமே. 2017ல யுனெஸ்கோ நெதர்லாந்து மில்லுக்காரங்களோட தொழில் திறமையையே மரபுன்னு தனியா பட்டியல்ல சேர்த்துச்சு, கட்டடத்தை இல்ல, கைவேலையை. நாஞ்சில் அண்ணே, இதுல நான் உங்க பக்கம்.

#15 ரொட்டர்டாம்_ரவி

ஓம், இங்க வார விடுமுறையில கனக்கப் பேர் சம்பளமில்லாமப் பழகி சோதினை எழுதித்தான் மில் ஓட்டுறவை. என்ர மகள் கேக்கிறாள் தானும் சேரலாமோ எண்டு. விடப்போறன்.

#16 சுபா_எஸ்

அக்கா, அடுத்த மாசம் லண்டன் வர்றேன், ரெண்டு மில்லையும் பார்க்க முடியுமா? அந்த மாவு விப்பாங்களா, சப்பாத்திக்கு ஆகுமா?

#17 மலையடிவாரம்

வா சுபா! ஜில் மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் திறந்திருக்கும், முழுக்க தன்னார்வலர்கள்தான், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோ. ஜாக் தனியார் வீடு, உள்ள போக முடியாது, பாதையிலேருந்தே பார்த்துட்டு வந்துடணும், கேட்டு கிட்ட நின்னு எட்டிப் பார்க்காத. ஹாசக்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கும்போது வழியில கிளேட்டன் ரயில் குகையோட வாசலைப் பாரு, கோட்டை மாதிரி ரெண்டு கோபுரம், நடுவுல குட்டியா ஒரு வீடு, கீழ ட்ரெயின் போகும்.

மாவு விக்கிறாங்க, தவிடோட இருக்கும், கொஞ்சம் நறநறன்னு. நான் ஒரு பை வாங்கிட்டு வந்து திங்கக்கிழமை சப்பாத்தி போட்டேன். நம்ம ஆட்டா மாதிரி உடனே இழுபடாது, வெந்நீர் ஊத்திப் பிசைஞ்சு அரைமணி நேரம் மூடி வை, தண்ணி கூடவே கேக்கும். முதல் சப்பாத்தி ஓரம் வெடிச்சுது, மூணாவதுலேருந்து உப்புச்சு. பையில இன்னும் பாதி இருக்கு, நீ வரும்போது போட்டுத் தர்றேன்.